டிவிக்குள் நின்ற கண்ணாடிக்காரன்

எங்கள் வீட்டுக்கு அந்த கேம் மிஷின் வந்த நாளில், அதன் அட்டைப்பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படத்தில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, கையை முழுசாக நீட்டி, காலை அகட்டி, டிவி முன்னால் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சோபா. சோபாவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வீடு. அதற்கும் பின்னால் ஒரு தோட்டம் தெரிந்தது. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் ஒருவர் கையை அப்படி நீட்டினால் ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் காஸ் அடுப்பு. மேலே தூக்கினால் மாளா இடிக்கும். மாளா என்றால் வேறொன்றுமில்லை, தலைக்கு மேலே பலகை அடித்து நாங்கள் கட்டிக்கொண்ட பாதி மாடி. என் மகள் படுப்பதும் உடுப்பதும் அங்கேதான்.

மகள் விக்ரோலியில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த யாரோ துபாய்க்குக் கிளம்பும்போது இதை அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பழைய மிஷின்தான். ஆனால் இரண்டு ரிமோட்டும் நல்ல நிலையில் இருந்தன.

"இத வச்சு எங்ஙன ஆட? ஒரு எலி ஓடினாலே நாம எந்திரிச்சு வழி விடணும்," என்றேன்.

"டென்ஷன் எடுக்காத மம்மி. நாம கைய ஆட்டுனா உள்ள இருக்க பொம்ம ஆடும். அவ்ளோதான்," என்றாள்.

மிஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன், சுற்றிலும் இடம் இருக்கிறதா என்று பார், பின்னால் தள்ளி நில் என்று படம் போட்டுக் காட்டும். பின்னால் தள்ளினால் எங்கள் வாசல் வந்துவிடும். இன்னும் தள்ளினால் எதிர்வீட்டு அக்கா பாத்திரம் தேய்க்கிற இடம். என் கணவர் பை தைக்கிற பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர், யார் எது சொன்னாலும் கேட்பவர். மிஷின் சொன்னதையும் அப்படியே கேட்டு, வாசலைத் தாண்டிச் சந்தில் போய் நின்று, அங்கிருந்து பந்தை உருட்டினார். வெள்ளைக் குப்பிகளை வரிசையாக நிறுத்தி வைத்து, பந்தை உருட்டி விழவைக்கிற பவுலிங் ஆட்டம் அது. தலையில் மூட்டையோடு சந்தில் வந்தவர்கள் அவர் உருட்டி முடிக்கும்வரை காத்து நின்றார்கள். ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "பாயி, தோடா லெஃப்ட்," என்று இடப்பக்கம் கொஞ்சம் தள்ளச் சொல்லி யோசனை சொன்னார். அவர் சொன்னபடியே உருட்டியும் பந்து ஓரத்துப் பள்ளத்தில்தான் போய் விழுந்தது.

நான் சந்தில் நின்று ஆடுகிற ஆள் இல்லை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றேன். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டினேன். குப்பிகள் அத்தனையும் விழுந்தன. திரும்பவும் சுண்டினேன். திரும்பவும் விழுந்தன. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, அந்த மிஷினுக்குக் கை நீளமெல்லாம் தேவையே இல்லை. அட்டைப்பெட்டி மேலிருந்த குடும்பம் சும்மா வியர்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாகக் கையை மடக்கியே சமைத்து, மடக்கியே துவைத்து, லோக்கல் டிரெயினில் மடக்கியே நின்ற என்னைப் போன்றவளுக்கென்றே செய்த ஆட்டம் மாதிரி இருந்தது. எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் டீமில்கூட என்னைச் சேர்த்ததில்லை.

ஆட வேண்டுமானால் முதலில் ஒவ்வொருவரும் ஒரு பொம்மை செய்துகொள்ள வேண்டும். முகம், மூக்கு, முடி, மீசை எல்லாவற்றையும் நாமே பொறுக்கி ஒட்டலாம். அப்பாவுக்கு மீசை வைத்தாள் மகள். எனக்குப் புருவத்தைக் கோபமாக வைத்துவிட்டு, "அப்படியே நீதான் மம்மி," என்றாள். சந்து முழுக்கச் சேதி பரவி, எனக்கொரு பொம்மை, எனக்கொரு பொம்மை என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் செருப்புக் குவியல். வந்தவர்கள் பொம்மை செய்துகொண்டு, ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இது வீடா, போட்டோ ஸ்டுடியோவா? அதனால் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் கையால் ஒரு வாய் சாப்பிட்டவர்களுக்குத்தான் பொம்மை. முறுக்கோ, இட்லியோ, ஒரு மடக்கு சாயாவோ, ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போக வேண்டும். அதற்கப்புறம்தான் மூக்கும் முழியும்.

சட்டம் என்னுடையது என்றாலும் அதைக் கறாராக நடத்தியவள் மகள்தான். ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த என் நாத்தனார், விரதம் என்று சொல்லி எதையும் தொட மாட்டேன் என்றபோது, அவரை ஒரு வாழைப்பழம் தின்னவைத்த பிறகே ரிமோட்டைக் கையில் எடுத்தாள். இப்படிச் சேர்ந்த பொம்மைகள், நாங்கள் பவுலிங் ஆடும்போது பக்கத்துத் தடங்களில் தாமாகவே உருட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் நாத்தனார், மறுபக்கம் எதிர்வீட்டு அக்கா. வெளியே எங்களுக்குக் கிடைக்காத இடமெல்லாம் டிவிக்குள் கிடைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தடத்தில் ஒருவனைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட பையன்.

"யாருட்டி இது?" என்று மகளைக் கேட்டேன்.

"எது மம்மி?"

"அந்தக் கண்ணாடிக்காரன். ஒங்கப்பாவுக்கு அடுத்தாப்புல நின்னு உருட்டுதானே."

"அது மிஷினோட பொம்ம."

மிஷினோடு வந்த பொம்மைகளை எனக்கு நன்றாகத் தெரியும். இவனுக்கு இடது பக்கம் வகிடு எடுத்து, கன்னத்தில் ஒரு மச்சம் வேறு வைத்திருந்தது. மச்சம் வரைக்கும் பார்த்து வைக்க வேண்டுமானால் ஒருத்தி அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்?

"ஏட்டி, நம்ம கையால சாப்பிடாதவனுக்குப் பொம்ம கெடையாதுன்னு நீதான எல்லாரையும் வெரட்டுவ. இவன் எப்ப சாப்பிட்டான்?"

அவள் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் மட்டும் அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"டெய்லி சாப்பிடுதான் மம்மி. ஆபீஸ்ல. ஒன் டப்பாவத்தான்," என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாகவே மதியச் சாப்பாட்டு டப்பாவில் இன்னும் ரெண்டு கரண்டி வை, இன்னும் ரெண்டு கரண்டி வை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு நல்ல பசி எடுக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். புளிக்குழம்பில் காரம் ஜாஸ்தி என்றாள், குறைத்தேன். எவனோ ஒருத்தன் நாக்குக்காக என் குழம்பில் நானே மிளகாயைக் குறைத்திருக்கிறேன். வந்த கோபத்தில் கணவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "பய நல்லாத்தான் உருட்டுதான்," என்றார்.

கண்ணாடிக்காரன் அவள் ஆபீஸ்தான். வீடு மாட்டுங்காவில். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற, தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, சாதி வேறு. பையனின் அப்பா சரியென்று சொல்லிவிட்டாராம். மற்றதெல்லாம் அம்மா கையில். அந்த அம்மா வெளியே எங்கேயும் காபி குடிக்க மாட்டாராம். சொந்தத் தங்கை வீட்டில்கூட, பால் சரியில்லை, பொடி சரியில்லை என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவாராம்.

"நம்மள பாக்க வாராங்க மம்மி. நம்ம வீட்ல காபி குடிச்சிட்டாங்கன்னா பாக்கி எல்லாம் ஓகேன்னு அர்த்தமாம். அவன் சொல்லுதான்."

"குடிக்கலன்னா?"

அவள் ஏணியில் ஏறி மாளாவுக்குப் போய்விட்டாள். மேலே பலகை கிறீச்சிடுவதை வைத்தே அவள் புரண்டு புரண்டு படுக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். நான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். என் வீட்டுக் காபியைக் குடிக்காத வீட்டுக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன். அவள் அழுதாலும் சரிதான். பிறகு அவள் அழுவதை நினைத்து எனக்கே அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

நாங்கள் சாயா குடிக்கிற குடும்பம். மாட்டுங்காவுக்கே போய்க் காபிக்கொட்டை அரைத்து வாங்கி வந்தேன். செம்பூரில் ஒரு ஃபில்டரும் டபரா டம்ளரும் வாங்கினேன். வாரம் முழுக்கக் கணவருக்குப் போட்டுக் கொடுத்துப் பழகினேன். "இப்ப நல்லாருக்குளா. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு," என்றார். வருகிற அன்று காலையிலேயே மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளி, பெட்ஷீட்டைக் கீழே வரை தொங்கவிட்டோம். முதல் முதலாக வருகிறவர், தன் பிள்ளை எங்கள் டிவிக்குள் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

சாயங்காலம் அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். பையனைப் பார்த்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மச்சம். சரியான இடத்தில்தான் வைத்திருந்தாள். அந்த அம்மா பருத்திப் புடவையில், நிமிர்ந்த நடையாக வந்தார். "தல, தல, பாத்து," என்று நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்ல, மாளாவுக்குக் கீழே குனிந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உள்ள வரைக்கும் நடக்க வச்சிட்டோம்," என்றேன்.

"அதனாலென்ன. உக்காந்து உக்காந்து காலே மரத்துப்போறது. நடந்தா நல்லதுதானே," என்றார்.

காபியை நுரை பொங்க ஆற்றி ஸ்டூல் மேல் வைத்தேன். பையன் எடுத்து மடமடவென்று குடித்தான். அம்மா டம்ளரைப் பார்த்து, "கொஞ்சம் ஆறட்டும்," என்றார். நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று பேசினோம். லோக்கலில் ஏறும் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். பம்பாயில் இரண்டு குடும்பங்கள் பேச இருப்பதெல்லாம் அத்தோடு தீர்ந்துபோயிற்று. காபியின் நுரை அடங்கி, மேலே ஆடை படிந்தது. என் மகள் யாரையும் பார்க்காமல் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறினது போதும் என்று என் வாய்வரை வந்தது.

அந்த மௌனம் என் கணவருக்குத் தாங்கவில்லை. குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து மிஷினை இழுத்தார். "எங்க புள்ள ஒரு வெளையாட்டு மிஷின் வச்சிருக்கா. பாக்கேளா?" என்றார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் அதற்குள் வயரைச் செருகிவிட்டார்.

திரையில் எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்து நின்று கையாட்டினார்கள்.

"இவாள்லாம் யாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்க ஆளுகதான். மீச வச்சிருக்கது நான். கோவமா நிக்கது இவ. இது எந் தங்கச்சி, விரதத்துல வந்தவ. இது எதுத்த வீடு," என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போனவர், கண்ணாடிக்காரனிடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். போக ஓரடிதான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"இது எங்காத்துப் பையன்னா. எப்போலேர்ந்து இங்க நிக்கறான்?"

"கொஞ்ச நாளாத்தாம்மா," என்றான் பையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

என் கணவர் நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீய. எங்க வீட்ல ஒரு சட்டம் உண்டு. எங்க கையால சாப்பிட்டவுகளுக்கு மட்டுந்தான் பொம்ம," என்றார்.

"இங்க வந்து சாப்ட்டியாடா?"

"இல்லம்மா. ஆபீஸ்ல. ஆண்ட்டி அனுப்பற டப்பாவ."

"அப்போ நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து கட்டித் தரேனே, அந்த டப்பா?"

என் மகள், கேட்டும் கேட்காததுமான குரலில், "நான்தான் சாப்பிடுறேன் ஆண்ட்டி," என்றாள்.

அது எனக்கும் புதுச் செய்தி. பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், டப்பாவையே மாற்றிக்கொள்கிறார்கள் என்று தெரியாது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வருஷமாக இருட்டோடு எழுந்து, நான் அவர் பிள்ளைக்கும் அவர் என் பிள்ளைக்கும் சமைத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு பேரிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த அதே ஆத்திரம் அவர் முகத்திலும் அப்படியே தெரிந்தது. ஒரு நிமிஷம் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவர் என் மகளிடம் திரும்பினார். "வத்தக்குழம்பு?"

"சூப்பர் ஆண்ட்டி. ஆனா வெண்டைக்கா கறிதான் ஃபேவரிட்."

"இவன் ஆத்துல வெண்டைக்காயைத் தொடவே மாட்டான். டப்பா மட்டும் வழிச்சு நக்கினாப்பல வரதேன்னு பாத்தேன்," என்றார். பிறகு என்னிடம், "நீங்க இவனுக்கு என்ன போடுவேள்?" என்று கேட்டார்.

"புளிக்கொழம்பு, சொதி, அவியல்," என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கருவாட்டு நாள் ஞாபகம் வந்துவிட்டது. பயந்துபோய் மகளைப் பார்த்தேன். அவள் இல்லையென்று லேசாகத் தலையை ஆட்டினாள். அந்த நாட்களில் டப்பா மாற்றிக்கொள்வதில்லை என்று பிறகு சொன்னாள். நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா மறுபடியும் டிவியைப் பார்த்தார். "மூக்கு தப்பா இருக்கே. எங்க மூக்கு இப்படி சப்பையா இருக்காது," என்று ரிமோட்டுக்குக் கையை நீட்டினார். என் மகள் ஒவ்வொரு மூக்காகக் காட்ட, இன்னும் நீளம், இன்னும் கொஞ்சம் என்று அவரே பொறுக்கி வைத்தார். பையன் தன் மூக்கைத் தடவிக்கொண்டான். இப்போது பொம்மை அசலாகவே அவனைப் போல இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில், "எனக்கும் ஒண்ணு பண்ணேன்," என்றார்.

என் மகள் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் யாருடைய கண்ணும் அந்த டம்ளரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தோம், எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போயிற்று. சட்டம் என்னுடையது. சும்மா பிள்ளைகளுக்குச் சொன்னது, நீங்கள் ஆடுங்கள் என்று நானே தளர்த்தியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த அம்மா ஸ்டூலிலிருந்து டம்ளரை எடுத்துப் பார்த்தார்.

"ஆறியே போயிடுத்து," என்றார்.

"புதுசா போட்டுத் தாரேன்," என்றேன்.

"வேண்டாம். இது எனக்குன்னு போட்டது. இதையே சுட வெச்சுத் தாங்கோ."

அடுப்புக்குப் போக நான் நகரவே வேண்டியதில்லை, திரும்பினால் போதும். காபியைப் பொங்கவிடாமல் சூடாக்கி, அதே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் நின்றபடியே, டம்ளரில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்போ பண்ணு," என்றார். மகளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்ததில் கொண்டையும் கண்ணாடியும் வைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. புருவம் எப்படி வைக்க என்று கேட்டாள். "உங்கம்மாவுக்கு வெச்சிருக்கியே, அதையே வை," என்றார்.

பிறகு பவுலிங். கையை நீட்டாதே, மணிக்கட்டு மட்டும் போதும் என்று பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் காதில் வாங்கவில்லை. மாட்டுங்கா வீட்டு ஹாலில் நிற்கிற நினைப்பில், அட்டைப்பெட்டிக் குடும்பத்தைப் போலக் கையை முழுசாகப் பின்னால் இழுத்து வீசினார். ரிமோட் நேராக என் கணவர் நெற்றியில் போய் மோதியது. டொக்கென்று சத்தம் கேட்டது.

"ஐயோ, பலமா பட்டுடுத்தா?" என்று அவர் பதறினார்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி," என்றார் என் கணவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, ஒரு பேச்சும் முடியவில்லை, அதற்குள் யாரும் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். நான் சேலை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வீங்குகிற நெற்றியை ஒரு பார்வை பார்த்தார்.

"சம்பந்தி கொஞ்சம் தள்ளி நிக்கப்படாதோ," என்றார்.

"தள்ளுததுக்கு எடம் இல்லையே சம்பந்தி," என்று சொல்லிவிட்டு என் கணவர் சிரித்துக்கொண்டே சந்துக்கு இறங்கிப் போனார். வாசலுக்கு வெளியே நின்றபடி, "இப்ப உருட்டுங்க," என்றார்.

கல்யாணம் மாட்டுங்காவிலேயே நடந்தது. மிஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சம்பந்தி வீட்டு ஹாலில் இரண்டு பேர் கையை நீட்டி ஆடலாம், ஆனாலும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேதான் வருகிறார். இப்போது அவரும் முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டுதான் உருட்டுகிறார். போன வாரம் என்னையே தோற்கடித்துவிட்டார். எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கல்யாணத்தன்று நடந்ததைத்தான். பந்தி முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றுதான் ஆண்ட்டியை விட்டு அத்தைக்கு மாறியிருந்தார்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். சுட வெச்ச காபிய எங்கம்மா இது வரைக்கும் குடிச்சதே இல்ல. ஆத்துல யாராவது சுட வெச்சாக்கூட வாங்கிக் கொட்டிடுவா. அன்னிக்கு ஒரு நாள்தான்," என்றார்.

நான் பொலபொலவென்று அழுதுவிட்டேன். மகளைப் பிரிகிற அழுகை என்று நினைத்துக்கொண்டு, சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் வந்து என்னைத் தேற்றினார்கள்.